துருவும் ஆக்சைடுதான்!
வாசகர் கேள்வி – பதில்

இரும்பு அரிப்பைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் போட்டதும் போட்டார்கள், கடப்புறத்து ஊர்களிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. நான் குளச்சலுக்குப் பக்கத்தில் பிறந்தவள். உலோக ஆக்சைடுகளை (உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாவது) கண்ணுக்குத் தெரியாத நானோ அளவில் வளர்த்து அரிப்பைத் தடுக்க முடியுமா என்று நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருப்பவள். நாலு கேள்விக்குத்தான் இடம் இருக்கிறது.

ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம். ஆறே மாதத்தில் துரு. அதே பட்டறையில் செய்து தக்கலையில் தங்கை வீட்டில் மாட்டிய கம்பிக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன்?
— ஒரு வாசகி, முட்டம்

தக்கலையிலும் மழை பெய்கிறது, ஈரம் இருக்கிறது. இல்லாதது உப்பு. உங்கள் வீட்டுக் கல்லுப்புப் பரணியை ஆனி ஆடியில் திறந்து பாருங்கள், அடியில் தண்ணீர் கோத்திருக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கம்பியில் படிந்த உப்பும் இதையேதான் செய்கிறது. மழை இல்லாத ராத்திரியிலும் உங்கள் ஜன்னல் நனைந்துதான் நிற்கிறது.

இன்னொன்று. குறுக்குப் பட்டையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேல்பக்கத்தை மழை கழுவிவிடும், அடிப்பக்கத்தை யார் கழுவுவார்கள்? துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பெயிண்ட் அடிப்பவரும் அந்த இடத்தில் பிரஷ்ஷைச் சும்மா ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பார். அதிலும் பழைய உப்பின் மேலேயே. உப்பை உள்ளே வைத்துப் பூசினால் பெயிண்டுக்கு அடியிலேயே அரிப்பு நடக்கும். அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பிரைமர். வாரத்துக்கு ஒருநாள் ஒரு வாளித் தண்ணீரால் கம்பியைக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சிரிப்பு என்னவென்றால், கடையில் வாங்கும் ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். துருவின் நெருங்கிய சொந்தம். துரு பொருக்குப் பொருக்காக, இடுக்கு விட்டு நிற்கும். தண்ணீரும் உப்பும் அதன் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு சில நானோமீட்டர் கனம்தான், ஆனால் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்பதால் பாத்திரம் தப்பிக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் குரோமியம் ஆக்சைடு அதே காவல். ஆக்சைடு நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நானோ, நானோ என்கிறீர்களே, ஆய்வகத்தில் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?
— பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்

மக்களே, பெரும்பாலும் காத்திருக்கிறேன். துத்தநாக நைட்ரேட்டையும் ஹெக்சமினையும் தண்ணீரில் கரைத்து, விதைபோல மெல்லிய துத்தநாக ஆக்சைடு பூசிய தகட்டை அதில் கவிழ்த்துப் போட்டு, 90 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால், தகட்டின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்த மாதிரி இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும், ஆறு பட்டையுள்ள குச்சிகள், நாற்றங்காலில் நாற்று நிற்கிற மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு! முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்மேல் ஸ்டியரிக் அமிலம் பூசுவோம், மெழுகுவர்த்தியில் சேர்ப்பார்களே, அதுதான். அப்புறம் தண்ணீர் விட்டால் சேம்பிலையில் உருளுவதுபோல் உருண்டு ஓடும். தண்ணீர் ஒட்டாவிட்டால் உப்புக்கு ஏது வேலை என்று எண்ணினேன். ஒரு மாணவி வந்து, "மேடம், நல்லா இருக்கே" என்று பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். அந்த இடத்தில் தண்ணீர் பரவி நின்றது. குச்சிகள் முறிந்துவிட்டன. இந்தத் துறையின் பெரிய தலைவலியே இதுதான். வளர்ப்பது எளிது, நிலைக்க வைப்பதுதான் பாடு.

எங்கள் ஊர் கருமணல் உங்கள் ஆய்வுக்கு உதவுமா?
— ஒரு வாசகர், மணவாளக்குறிச்சி

நீங்கள் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசுவேன்.

உங்கள் மணலின் கறுப்பு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அதில் இருக்கும் இரும்பு ஏற்கெனவே ஆக்சைடாகிவிட்டது, அதனால்தான் அலை அடித்துக்கொண்டே இருந்தாலும் முட்டத்து ஜன்னல் கம்பியைப் போல அது உதிர்வதில்லை. கூடவே ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்ற தாதுக்கள். 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கட்டுமரத்தை ஆணியே இல்லாமல் கட்டுகிற நம் தென்னங்கயிறு! (ஆணி இல்லை, ஆகவே துருவும் இல்லை. என் தாத்தாவுக்கு என் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.)

இல்மனைட்டிலிருந்து வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் டைஆக்சைடு எடுக்கிறார்கள். அதை நானோ தூளாக்கிப் பெயிண்டில் கலந்து பார்த்தேன். உப்புநீர்ச் சோதனையில் பிரமாதம். ஆய்வக மொட்டைமாடியில் வெயிலில் வைத்த தகட்டைச் சில மாதம் கழித்துத் தொட்டால், கையெல்லாம் சுண்ணாம்பு மாதிரி மாவு. வெயில் பட்டால் அந்தத் தூள், தன்னைப் பிடித்துவைத்திருக்கிற பிசினையே தின்றுவிடும். அனடேஸ் என்ற வகை இன்னும் மோசம். நான் வாங்கியிருந்தது அதையேதான். பெயிண்டுக்கென்று விற்கிற ரூட்டைல் என்ற இன்னொரு வகையின் துகள் ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவோ அலுமினாவோ சட்டை மாட்டிவிடுவது இதற்காகத்தான்.

இப்போது மனசு முழுக்க சீரியத்தில். மோனசைட்டில் கிடைக்கும் ஓர் உலோகம். பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் தோரியத்தோடு ஒரு சிட்டிகை சீரியம் ஆக்சைடு உண்டு, அந்த வெளிச்சத்தில் நாம் கல்யாணம் நடத்தியிருக்கிறோம். இரும்பு அரிக்கும்போது ஒரு பக்கம் இரும்பு கரையும், இன்னொரு பக்கம் ஆக்சிஜன் தண்ணீரோடு சேர்ந்து காரம் (அமிலத்துக்கு எதிரானது) உண்டாகும். சீரியம் அந்தக் காரம் உள்ள இடமாகப் பார்த்துப் போய்ப் படிந்து, ஆக்சிஜனுக்கு வழியை அடைக்கிறது. கீறல் விழுந்த இடத்தைத் தானே தேடிப் போகிற மருந்து மாதிரி. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் கடற்கரையில் அள்ளிக்கொண்டு வந்து நான் ஆராய முடியாது. கால் மிதிக்கிற மண்ணில் இருப்பதைப் புட்டியில் அடைத்து, வெளியூரிலிருந்து, கிராமுக்கு விலை கொடுத்து வாங்குகிறேன்.

வள்ளத்து எஞ்சினுக்கு 'நானோ கோட்டிங்' என்று ஒருவர் விற்கிறார். அடிக்கலாமா?
— ஒரு வாசகர், குளச்சல்

35 டிகிரியில், 5 சதவீத உப்புநீர்த் தூவலில் எத்தனை மணி நேரம் தாங்கியது, கீறிவிட்டுச் சோதித்தீர்களா என்று அவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் காசைப் பையில் வையுங்கள். கரைக்கு வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள்.

முக்கியமானது, புரொப்பெல்லர் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டை இருக்கும், துத்தநாகம். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்தது. அதன்மேல் எந்தப் பூச்சும் படக்கூடாது. என் அண்ணன் ஒரு ஓணத்துக்கு எஞ்சினை அழகாக்குகிறேன் என்று அந்தக் கட்டைக்கும் சேர்த்து நீலப் பெயிண்ட் அடித்தான். கட்டை கரையவேயில்லை, அடுத்த வருஷம்கூடப் புதுசு மாதிரியே இருந்தது. பக்கத்து அலுமினியத்தில்தான் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குக் குழி.