திட்டமிடாமல் நண்பருடன் ஒரே நாளில் போய்வர ஏற்ற பழமையான ஊர் எது?

யோசிக்காமல் சொல்வேன், தரங்கம்பாடி.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை. கூடப் படித்த நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். இட்லி சாப்பிட்டு முடித்ததும், "எங்கேயாவது போவோமாடா?" என்றான். உடனே பைக்கை எடுத்துவிட்டோம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

பெரும்பாலானவர்கள் நேராகக் கோட்டைக்குப் போய், கடற்கரையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1792இல் கட்டிய நகர வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு ராஜ வீதியில் நடங்கள். தெரு சின்னதுதான். சீயோன் தேவாலயம் 1701ஆம் ஆண்டுக் கட்டடம். அதே தெருவில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் கட்டியது. அதற்குள்தான் கிறிஸ்தவ போதகர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நண்பனின் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அதனால் அங்கே வந்ததும் அவன் நகரவே இல்லை. சீகன்பால்கு ஜெர்மனிக்காரர், டென்மார்க் அரசர் அனுப்பி 1706இல் இங்கே வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்து பழகினார். சில வருடங்களில் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1715இல் பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அது அச்சானதில்லை. 1719இல் சீகன்பால்கு இறந்தபோது அவருக்கு 36 வயதுதான்.

"அப்பாவை ஒரு தடவை இங்கே கூட்டிக்கொண்டு வரணும்" என்றான் நண்பன். எனக்கும் அதுதான் தோன்றியது.

அப்புறம் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கியது. டான்ஸ்போர்க் என்பது அவர்கள் வைத்த பெயர். மேல் தளத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் கீழ் அறைகளில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அதே சீகன்பால்குவை டேனிஷ் ஆளுநரே இந்தக் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார். சொந்த அரசர் அனுப்பிய ஆள் என்றுகூடப் பார்க்கவில்லை. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் குலசேகரன் காலத்தில், 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 வருடங்களுக்கு முன்பே இது பெரிய துறைமுக ஊர் என்பதற்கு அந்தக் கோயில் போதும். அதைப் பார்க்காமல் வருவது எனக்கு மனதுக்கு ஒப்பாது.

உச்சி வெயிலில் ராஜ வீதியில் நிழல் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல் போங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பக்கத்தில் பொறையாருக்கும் ஒரு நடை போகலாம். அச்சுக்கூடத்துக்கு வேண்டிய காகிதத்தை அங்கேதான் ஆலை வைத்துச் செய்தார்கள். கடுதாசிப்பட்டறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.