முற்றத்துக் கூரைக்குப் பாலிகார்பனேட் தாங்குமா?

தேவனாம்பட்டினத்தில் உங்கள் முற்றத்துக் கூரைக் கண்ணாடி தேங்காய் விழுந்து நொறுங்கியதாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் பாலிகார்பனேட் என்னும் ஒளி புகும் பிளாஸ்டிக் தாள் போட்டால் இரண்டே வருடத்தில் மஞ்சளாகிவிடும் என்று தச்சர் பயமுறுத்துகிறாராம். தாராளமாகப் போடுங்கள். உள்ளே அறைகள் உள்ள தாள் வேண்டாம், தேங்காய் அதன் மெல்லிய மேல்பரப்பைப் பொத்தலாக்கிவிடும். 6 மி.மீ. திடத் தாள் வாங்குங்கள். அதே தடிமன் கண்ணாடியின் எடையில் பாதிதான்.

தச்சர் சொல்வது பாதி உண்மை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத மலிவுத் தாள் மஞ்சளாகும். பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். எது வெளிப்பக்கம் என்று மேலே ஒட்டிய படலத்தில் அச்சிட்டிருப்பார்கள். புதுச்சேரியில் என் வீட்டுக்குத் தாள் போட வந்தவர் படலத்தை முதலில் கிழித்தெறிந்துவிட்டு, எந்தப் பக்கம் என்று என்னையே கேட்டார்!

பலரும் கோட்டைவிடுவது திருகாணித் துளையில். வெயிலில் பாலிகார்பனேட் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு நீளும். 3 மீட்டர் தாள், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 6 மி.மீ. நகரும். ஆகவே துளை திருகாணியைவிடப் பெரிதாக இருக்கட்டும். இறுக்கி முடுக்கினால் மதியமெல்லாம் படபடவென்று சத்தம், பிறகு விரிசல். கடற்கரை என்பதால் துருப்பிடிக்காத 316 ரக எஃகுத் திருகாணி, பி.வி.சி. வாஷர் கூடாது, ஈ.பி.டி.எம். ரப்பர் கேளுங்கள். 2011 'தானே' புயலைப் பார்த்த ஊர், தாளைத் தாங்கும் சட்டங்களை நெருக்கி வையுங்கள்.

கீறல் மட்டும் எளிதில் விழும். சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பக்கமே போகாதீர்கள்.