டி.சி. வாங்கிவிடாதே, தங்கச்சி

கேள்வி:
அன்புள்ள அக்காவுக்கு, போளூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். அப்பா சென்னையில் கட்டட வேலை. அம்மா நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறார். புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று 300 போகும். மீதியை அம்மாவின் குழுக் கடனுக்குக் கொடுத்துவிடுவேன். எம்.பி.சி. ஸ்காலர்ஷிப் என் வகுப்பில் எல்லோருக்கும் ஏறிவிட்டது, எனக்கு மட்டும் ஏறவில்லை. முதல் செமஸ்டரில் இந்த ஆயிரம் வர ஆரம்பிக்கும் முன்பு சனி, ஞாயிறுகளில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனேன். அந்த செமஸ்டரில் துணைப்பாடம் இயற்பியலில் அரியர் விழுந்தது, இன்னும் முடிக்கவில்லை. மற்றதில் எல்லாம் 75க்கு மேல். 'ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், 15,000 சம்பளம், தங்க இடமும் தருகிறார்கள், ஆயிரம் ரூபாய்க்காக இன்னும் ஒரு வருஷம் எதற்கு, எப்படியும் கட்டிக்கொடுக்கத்தானே போகிறோம்' என்கிறார் மாமா. எனக்கு எம்.எஸ்சி. படிக்க ஆசை. ஆனால் வீடு கஷ்டப்படும்போது சும்மா வரும் காசை வாங்கிக்கொண்டு படிப்பது குற்றமாகத் தெரிகிறது. டி.சி. வாங்கிவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:
அன்புத் தங்கச்சிக்கு,

வேண்டாம். நாலு செமஸ்டர் தாண்டிவிட்டாய், இருப்பது இரண்டே இரண்டு. இந்த நேரத்தில் டி.சி. வாங்கினால் பன்னிரண்டாவது முடித்த பெண்ணாகத்தான் அந்த கம்பெனிக்குள் போவாய். படித்த இரண்டு வருடமும் கணக்கில் வராது. படிப்பை நிறுத்திய மாதத்தோடு புதுமைப் பெண் பணமும் நின்றுவிடும்.

உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஆயிரம் ரூபாய் வராத மாதங்களில் ஜவுளிக்கடைக்குப் போனாய், அரியர் விழுந்ததும் அந்த செமஸ்டரில்தான். பணம் வர ஆரம்பித்த பிறகு எல்லாவற்றிலும் 75க்கு மேல். இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கோ உன் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. வாரம் ஐந்து நாள் வகுப்பும் லேபும், மிச்ச இரண்டு நாளும் நாள் முழுக்க நின்றபடி புடவை மடிப்பதும் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் இயற்பியல் மண்டையில் ஏறும்? அந்த ஆயிரம் வந்ததால் உன் சனியும் ஞாயிறும் உனக்குத் திரும்பக் கிடைத்தன. அதை நீ படிப்பில் போட்டாய், மார்க்காக வந்திருக்கிறது. உதவித்தொகை என்பதே இதற்குத்தான். இந்த மாசம் எப்படி ஓடும் என்ற கவலையை விட்டு, அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று யோசிக்க விடுகிறதே, அதுதான் அதன் பெரிய பலன். எம்.எஸ்சி. ஆசை உனக்கு எப்போது வந்தது என்று நினைத்துப் பார். ஜவுளிக்கடைக்குப் போன நாட்களில் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

'சும்மா வரும் காசு' என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், உன் மாமாவுக்கும் சொல். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அந்தத் திட்டத்தைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது உனக்குப் பணம் வரும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதாமாதம் அவர்கள் கணக்கிலேயே பணம் விழுகிறது. கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய பணம் கல்லூரிக்கு என்று மாறியிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டே கல்யாணத்துக்காகப் படிப்பை விடுவதா? ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து நீ சம்பாதித்த உரிமை இது. குற்ற உணர்ச்சிக்கு இதில் இடமே இல்லை. 600, 700 ரூபாயைக் குழுக் கடனுக்குக் கொடுக்கிறாயே, அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். தவணைக்காக அம்மா வேறு இடத்தில் வட்டிக்கு வாங்காமல் இருக்கிறார், நீ நிம்மதியாகப் படிக்கிறாய். ஆனால் இனி மாதம் 200 ரூபாயாவது உன் கணக்கிலேயே கிடக்கட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஸ்காலர்ஷிப் உனக்கு மட்டும் ஏறாததற்கு வருவோம். அரசுக் கல்லூரியில் மூன்று வருட இளங்கலை படிக்கும் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு அதில் வருமான வரம்பே கிடையாது. அதனால் தகுதி இல்லை என்று தள்ளியிருக்க வாய்ப்பு குறைவு. இப்படித் தனியாக ஒருவருக்கு மட்டும் நிற்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, கல்லூரிக்கு வந்தபின் திறந்தது ஒன்று என்று உனக்கு இரண்டு இருக்கிறதா? ஆதார் வழியாக நேரடியாகப் போடும் பணம், நீ எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாமல் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். பிறகு கல்லூரி மாணவர் விவரங்களை வைத்திருக்கும் யு.எம்.ஐ.எஸ். இணையப் பதிவில் உன் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் திறந்து காட்டச் சொல். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தால்கூட சிக்கல்தான். 'வரும்மா, வரும்' என்று அனுப்பிவிட்டால் நகராதே. எழுதிக் கொடு. அங்கேயும் நடக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீசில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்துக்குப் போ.

அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? பதிந்திருந்தால், உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இன்று இரவே போன் பண்ணிக் கேள்.

இனி எம்.எஸ்சி. உனக்கு வரும் ஆயிரம் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். பலர் இதைக் கடைசி மாதத்தில்தான் யோசிக்கிறார்கள், நீ இப்போதே யோசி. முதுகலைக்கு எம்.பி.சி. உதவித்தொகை தொடரும். ஆனால் அங்கே குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2,50,000க்குள் இருக்க வேண்டும் என்பதால் வருமானச் சான்றிதழ் தேவை. சேர்க்கை நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும், முன்கூட்டியே வாங்கி வை. அரசு விடுதியில் இடம் கிடைத்தால் தங்கவும் சாப்பிடவும் செலவில்லை. வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குப் பொருந்தாது. உன் கல்லூரியிலேயே எம்.எஸ்சி. இருந்தால் அதுவும் நல்லதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கும் விண்ணப்பித்துப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது, உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐ.ஐ.டி.களில் இரண்டு வருட எம்.எஸ்சி. சேர 'ஜாம்' என்று ஒரு தேர்வு உண்டு. செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பாடம் நீ இப்போது படிக்கும் பி.எஸ்சி. வேதியியல்தான். வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்குத் தனியாகப் பழக வேண்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் குறைவு. அந்தக் கட்டணத்துக்குத்தான் மாதம் 200 ரூபாய் ஒதுக்கச் சொன்னேன். ஐ.ஐ.டி. செலவு யார் கொடுப்பார் என்று பயப்படாதே. மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் இடம்பிடிக்கும் தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மாநில அரசு தருகிறது. முதுகலைக்கும் உண்டு, வருமான வரம்பு அதே இரண்டரை லட்சம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் 'நமக்கெல்லாம் எதுக்கு' என்று விண்ணப்பமே போடாத பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாமாவை எதிர்த்துப் பேசாதே. உன்மேல் அக்கறை இருப்பதால்தான் வேலை தேடிச் சொல்கிறார். கம்பெனி வேலையும் கௌரவமான வேலைதான், பட்டம் வாங்கிய பிறகு அவசியப்பட்டால் போகலாம். அவரிடம் கணக்காகப் பேசு. எம்.எஸ்சி. முடித்து, அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால், ஆராய்ச்சி செய்வதற்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 முதல் இதுதான் தொகை. எளிதில் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, கடினமான தேர்வு. ஆனாலும் அந்த 15,000 ரூபாயோடு சேர்த்து இந்த எண்ணையும் அவர் கேட்கட்டும். அம்மாவும் அப்பாவும் கூட இருக்கும்போதே சொல்.

முதலில் அந்த இயற்பியல் அரியர். வரும் நவம்பர் தேர்விலேயே எழுதிவிடு, பணம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிடாதே. விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகு. கல்லூரி திறந்ததும் துறைத் தலைவரைப் பார்த்து, "ஜாம் எழுத நினைக்கிறேன், வழிகாட்டுங்கள்" என்று கேள். ஸ்காலர்ஷிப் விஷயம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் மனுவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா