மேடைப் பேச்சு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிராம சபையில் எங்கள் தெருக் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேச வேண்டும். எப்படித் தயாராவது?

தண்ணீரின் அருமையிலிருந்து தொடங்காதீர்கள். எதிரே குடத்தோடு அலைகிறவர்களே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு அது தெரியும். "மேலத் தெருவில் இத்தனை வீடு, இத்தனை குழாய், இத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்" என்று நேராகக் கணக்கைச் சொல்லுங்கள். அடுத்து காரணம். மோட்டார் பழுதா, குழாய் உடைப்பா, மேல்நிலைத் தொட்டியே நிரம்பவில்லையா என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும். தெரியாமல் பொதுவாகக் குற்றம் சாட்டினால் பேச்சு சண்டையாகிவிடும்.

முடிவுதான் முக்கியம். "ஆவன செய்ய வேண்டும்" என்றால் காற்றோடு போய்விடும். "மோட்டாரை மாற்றுவதாகத் தீர்மானம் போடுங்கள்" என்று ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். தீர்மான வாசகத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய்க் கையில் கொடுத்துவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும் என்பது முன்பே தெரிந்ததுதானே? அதற்கு முன் தெருக்காரர்களிடம் பேசி வையுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் நாலு பேர் எழுந்து "ஆமாம், அதையே எழுதுங்க" என்று சொல்ல வேண்டும். அதையும் சேர்த்துத்தான் பேச்சைத் திட்டமிட வேண்டும்.

தலைமையாசிரியரின் பணி நிறைவு விழாவில் 5 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

எந்த ஆண்டு சேர்ந்தார், எங்கெல்லாம் பணியாற்றினார் என்பதை வாழ்த்து மடலில் படித்துவிடுவார்கள். முன்வரிசையில் அவருடைய மனைவி, பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் பார்த்த மனிதரைப் பள்ளியில் அவர்கள் பார்த்ததில்லை. கட்டணம் கட்ட முடியாத மாணவனை அவர் எப்படி நடத்தினார் என்பது போல, நீங்கள் கண்ணால் கண்ட ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து நிதானமாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு அது தாராளம். பத்துப் பாராட்டுச் சொற்களை அடுக்குவதைவிட அவருக்கும் அதுதான் பெருமை.

மேடையில் இருப்பவர்களை விளிக்கவே 2 நிமிடம் போய்விடுகிறதே?

தலைவர், விழா நாயகர் இருவரையும் பெயர் சொல்லி அழையுங்கள். மற்றவர்களுக்கு ஒரே வரியில் வணக்கம் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பயமாக இருக்கிறது. எழுதி வைத்துப் படிக்கலாமா?

திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவை அறிதல், அடுத்ததுதான் அவை அஞ்சாமை. அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். முடிந்தால் அரை மணி நேரம் முன்னதாகப் போய் வந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளதைக் குறிப்புகளாக ஒரு சின்ன அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முழுதாக எழுதிப் படித்தால் தலை நிமிராது.

எனக்கு முன் பேசியவர் என் கருத்தையே சொல்லிவிட்டால்?

"ஐயா சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்" என்று சொல்லிவிட்டு, உங்கள் உதாரணத்தை மட்டும் சொல்லி உட்காருங்கள். கைதட்டல் கட்டாயம் உண்டு.