காரடையான் நோன்பு: நேரமும் மாவுப் பதமும்

வணக்கம்.

கல்யாணமாகி புனேயில் இருக்கிறேன். காரடையான் நோன்பு பற்றிச் சில சந்தேகங்கள். இங்கே ஜேஷ்ட பௌர்ணமியன்று ஆலமரத்துக்கு நூல் சுற்றி சாவித்திரி விரதம் இருக்கிறார்கள். அதே சாவித்திரிக்கான நம் வசந்த கால நோன்பு மட்டும் ஏன் மார்ச் நடுவில் வருகிறது? 2024இல் பகலில் வந்த நேரம் 2026இல் நடுநிசிக்கு மேல் போய்விட்டதே, ஏன்? அப்போது எப்படிச் செய்வது? கடைசியாக, என் அடை வருடா வருடம் கல்லாகிவிடுகிறது. காராமணியும் வேகாமல் பல்லில் கடிபடுகிறது.

எம்., புனே

அன்புள்ள எம்.,

மராட்டிய விரதம் திதியைப் பார்ப்பது, நம்முடையது சூரியனைப் பார்ப்பது. சூரியன் கும்பத்தை விட்டு மீனத்தில் நுழையும் கணம்தான் மாசியும் பங்குனியும் கூடும் நேரம். அமாவாசை, பௌர்ணமிக்கு இதில் வேலையில்லை. அதனால்தான் தேதி மார்ச் 14, 15ஐ விட்டு நகர்வதில்லை. வசந்த கால நோன்பு என்கிறீர்கள். வெயிலைப் பார்த்தால் சரிதான். ஆனால் தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும்.

நேரம் மாறுவதற்குக் காரணம் எளிய கணக்கு. சூரியன் அதே இடத்துக்குத் திரும்ப 365 நாளும் ஏறக்குறைய 6 மணி 9 நிமிடமும் ஆகிறது. ஆகவே நேரம் வருடத்துக்குக் கால் நாள் தள்ளிப் போகும், லீப் வருடத்தில் ஒரு நாள் பின்னுக்கு இழுக்கப்படும். திருக்கணிதப்படி 2024இல் பிற்பகல் ஒரு மணிக்குச் சற்று முன், 2025இல் மாலை 7 மணியை ஒட்டி, 2026இல் மார்ச் 15 பின்னிரவு 1 மணியை ஒட்டி. வாக்கியப் பஞ்சாங்கத்தில் நேரம் வேறாக இருக்கும். உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதையே பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

'மாசிக் கயிறு பாசி படியும்' என்பார்கள். சரடு மாசி முடிவதற்குள் கழுத்தில் ஏறிவிட வேண்டும் என்பதே இதில் முக்கியம். பின்னிரவு 1 மணி என்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. முன்னிரவிலேயே இலை போட்டு முடிப்பதில் குறையொன்றும் இல்லை. மாலை 7 மணி என்றால்தான் ஆபத்து. ஆபீஸிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தால் அடை வேகுமுன் பங்குனி பிறந்துவிடும். மாவை முந்தின நாளே வறுத்து வையுங்கள்.

இனி அடை. பச்சரிசியை அரைமணி ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே அரைத்துச் சலித்து வறுக்க வேண்டும். நிறம் லேசாக மாறி, விரலால் எடுத்துக் கோலம் இழுத்தால் இழை அறுபடாமல் விழ வேண்டும். வறுபடாத மாவுதான் பசையாக ஒட்டும் அடைக்குக் காரணம். வறுத்த மாவு ஒரு கப்புக்கு வெல்லம் ஒரு கப், தண்ணீர் இரண்டு கப். உங்கள் அடை கல்லாவது தண்ணீர் குறைவதால் இருக்கலாம், அல்லது வெல்லத்தைப் பாகு வைத்துவிடுகிறீர்கள். கரைந்ததும் மண் போக வடிகட்டி, திரும்ப ஒரு கொதி வந்தால் போதும். கம்பிப் பதமெல்லாம் அதிரசத்துக்கு.

காராமணி வேகாததற்குக் குற்றவாளியும் வெல்லமே. அரைவேக்காட்டுப் பயறு வெல்லத் தண்ணீரில் விழுந்தால் அதற்கப்புறம் எவ்வளவு கொதித்தாலும் மெதுவாகாது. இரண்டு மேசைக்கரண்டி காராமணியை வாசனை வர வறுத்து, மூன்று மணி நேரம் ஊறவைத்து, வெறும் தண்ணீரில் நசுக்கினால் நசுங்கும்வரை வேகவைத்து வடித்துவிடுங்கள். குழையவிடவும் கூடாது.

கொதிக்கும் வெல்லத் தண்ணீரில் காராமணி, பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், ஏலப்பொடி, ஒரு கரண்டி நெய் சேர்த்து, அடுப்பைத் தணித்து, மாவைத் தூவிக் கட்டி விழாமல் கிளறுங்கள். சுருண்டு வந்ததும் இறக்கி மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் நெய் தடவிய வாழையிலையில் அரை அங்குல கனத்துக்குத் தட்டி நடுவில் துளை போடுங்கள். துளை அழகுக்கல்ல, நடுப்பகுதிக்கு ஆவி போக. அது இல்லாவிட்டால் ஓரம் வெந்து நடு மாவாகவே நிற்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வைத்தால் மேல் பளபளக்கும், எடுத்துவிடலாம். உப்படைக்கும் இதே அளவுதான். வெல்லத்துக்குப் பதில் கடுகு, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துத் தண்ணீர் விட்டு உப்புப் போட வேண்டும்.

அம்மனுக்கு ஒன்று, வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று நுனியிலை. அதில் வெல்ல அடை, உப்படை, வெண்ணெய், வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் பூவோ மஞ்சள் துண்டோ கட்டிய மஞ்சள் சரடு. அம்மனுக்கு முதலில் சாற்றி, பெரியவர் தானும் கட்டிக்கொண்டு, சிறியவர்களுக்குக் கட்டுவார். கல்யாணமாகாத பெண்களுக்கும் உண்டு. 'உருகாத வெண்ணெயும் ஓரடையும்' என்று சொல்லித்தான் நிவேதனம். ஆகவே வெண்ணெயைச் சுடச்சுட அடையின் மேல் வைத்து உருக்கிவிடாதீர்கள். பக்கத்தில் தனியாக வையுங்கள். பல வீடுகளில் அன்று பாலும் மோரும் சேர்ப்பதில்லை.

கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் மார்க்கண்டேயர் யுதிஷ்டிரருக்குச் சொல்வது. அங்கே சாவித்திரி இருப்பது மூன்று இரவு விரதம். காட்டில் கிடைத்த கார் அரிசியில் அடை தட்டினாள் என்பது நம் வீடுகளில் வழங்கும் கதை.

மீந்த அடை ஆறினால் விறைக்கத்தான் செய்யும், அரிசி மாவின் குணம் அது. ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் இளகும். மறுநாள் பசுவுக்குக் கொடுக்க இரண்டு அடையை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மீதமிருக்காது.