மைலேஜ் 18 என்று போட்டிருக்க 12 தான் வருகிறதா?

வணக்கம் நண்பரே. 1.5 டர்போ பெட்ரோல் செடான், தினமும் கோவையிலிருந்து பாலக்காடு, கம்பெனி லிட்டருக்கு 18 கி.மீ. என்று சொன்னாலும் கையில் கிடைப்பது 12 தான் என்று எழுதியிருந்தீர்கள். வண்டியில் கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த 18 ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. அங்கே உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. தான். நமக்கோ ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வாளையார் பக்கம் நேராக முகத்தில் அடிக்கும், ஸ்டியரிங்கே லேசாக ஆடும். அங்கே 100-ஐ விட்டு 80-இல் போய்ப் பாருங்கள். நானும் அதே சாலைதான்; டேஷில் மைலேஜ் எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அப்புறம், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு ஆற்றல் 6, 7 சதவீதம் குறைவு. சரி, டேஷை மட்டும் நம்பாமல் ஒரே பெட்ரோல் பங்கில், முதல் கட்-ஆஃப் (குழாய் தானாக நிற்பது) வரை நிரப்பி 2 டேங்க் கணக்குப் போடுங்கள். அப்போதும் 12 தாண்டவில்லை என்றால் டயர் காற்றையும், பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.