கோணலாக மடித்த துணி

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று தெரிந்து இரண்டு வருடமாகிறது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு வரை நகர்வதில்லை. எதிலும் நாட்டமில்லை, வருத்தமாகவும் தெரியவில்லை. போன வாரம் என் மகள் துவைத்த துணியைக் கொடுத்தபோது மட்டும் மடித்தார். கோணல்மாணலாக இருந்ததால் நான் பிரித்து மறுபடி மடித்து வைத்தேன். இந்தச் சோம்பலுக்கு மாத்திரை உண்டா?

பதில்: மாத்திரை இருக்கட்டும். அந்தத் துணியைப் பற்றி முதலில் பேசுவோம்.

நாள் முழுக்க அசையாத மனிதர் ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறார். அதை நீங்கள் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். அவர் நாற்காலியை விட்டு நகர்வதில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், அவர் கண்ணெதிரேதான் அது நடந்திருக்கும்.

இது சோம்பல் இல்லை. ஒரு காரியத்தைத் தொடங்க உள்ளிருந்து வரும் உந்துதலுக்கு மூளையின் முன்பகுதி வேண்டும். நோய் அங்கேயும் புகுந்துவிட்டது. "எழுந்து ஏதாவது செய்யுங்களேன்" என்று நூறு முறை சொன்னாலும் அவருக்குத் தொடங்க வராது. வேறொருவர் தொடங்கிவைத்தால் கை தானாகத் தொடரும். உங்கள் மகள் உபதேசம் செய்யவில்லை, துணியைக் கையில் கொடுத்தாள். இதற்கான வைத்தியத்தில் முதல் படி அதுதான். அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே!

வேளாவேளைக்கு எல்லாம் செய்து உட்காரவைத்துவிட்டால் பெற்றவருக்கான கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. கடமை அதோடு முடிந்துவிடவில்லை. வீட்டில் அவருக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும், அவர் செய்தது செய்தபடி நிற்கவும் வேண்டும். அலமாரி அழகாக இருப்பது அவ்வளவு முக்கியமா?

சரி, மாத்திரை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை 200 பேரிடம் ஆறு மாதம் சோதித்த ஆய்வு 2021ல் வெளிவந்தது. ஓரளவு பலன் தெரிந்தது, அவ்வளவுதான். அது ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், எடையைக் குறைக்கலாம். மருத்துவரிடம் கேளுங்கள். அப்பா இப்போது சாப்பிடும் மருந்துகளில் மந்தமாக்குவது ஏதாவது இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை துணி காய்ந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் துணியை நீங்கள் மடியுங்கள். இரண்டாவதை அவர் கையில் கொடுங்கள். அவர் மடித்தது எப்படி இருந்தாலும் அப்படியே அலமாரியில் வையுங்கள்.